விருந்துக் குடம்

வெள்ளாங்கிணறு என்று இந்த ஊருக்குப் பேர் வைத்த ஆள் கையில் கிடைத்தால் வெயிலுகந்தம்மாள் அவனை என்ன பாடு படுத்தியிருப்பாளோ தெரியாது. ஊர்ப் பேரிலேயே கிணறு இருக்கிறது. ஊருக்குள்ளேயும் கிணறுகளுக்குக் குறைச்சல் இல்லை. ஒன்றிலாவது வாயில் வைக்கிற தண்ணீர் உண்டா என்றால் கிடையாது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தேயிலைக்குப் பால் ஊற்றினால் திரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் காவி தெரியும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் வஞ்சனை செய்யாத கரிசல், மனுஷன் தாகத்துக்கு மட்டும் உப்பைக் கரைத்து வைத்திருந்தது.

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர்ப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே நடந்தால் வருகிற ஊர் அது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கே கரிசலுக்கு நடுவில் ஒரு திட்டுச் செம்மண். செவல்காடு என்பார்கள். அதில் பூவனலிங்கம் என்பவரின் கிணறு. மனுஷன் நல்லவர்தான், ஆனால் கிணறு சின்னது. ஊர் முழுக்க வந்து இறைத்தால் அவர் மிளகாய்ச் செடி கருகிப்போகும். அதனால் வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு குடம், அதுவும் வெயில் ஏறுமுன் என்று வைத்திருந்தார்.

அந்த ஒரு குடத்தைத்தான் ஊரில் விருந்துக் குடம் என்பார்கள். பேரைக் கேட்டாலே தெரியும், அது வீட்டு ஆட்களுக்கு இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு வாய், வந்த விருந்தாளிக்கு ஒரு செம்பு, அவ்வளவுதான். வெயிலுகந்தம்மாள் வீட்டில் அது பித்தளைக் குடம், அடுப்படி மூலையில் தட்டுப் போட்டு மூடி இருக்கும். புருஷன் போன பிறகும், முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகும், முறை வந்த நாளில் அவள் தண்டவாளம் தாண்டாமல் இருந்ததில்லை. மற்ற நேரமெல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். மயில்துத்தம் போட்ட பசையைக் கிண்டுகிறதுகூட அந்த உப்புத் தண்ணீரில்தான்.

விருந்தாளியில் பெரிய விருந்தாளி யார் என்றால், பெண் கொடுக்க வருகிறவர்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் இந்தச் சீமையில் முதலில் பார்ப்பது நிலத்தையும் இல்லை, மாட்டையும் இல்லை. உட்கார்ந்ததும், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார்கள். தாகமா? தாகமெல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே கலர் சோடா குடித்துத் தீர்த்திருப்பார்கள். தண்ணியில்லாத ஊரில் பெண்ணைக் கொடுப்பதும் பாழுங்கிணற்றில் தள்ளுவதும் ஒன்று என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே யார் வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்தாலும், அன்றைக்கு ஊரே தன் தன் குடத்திலிருந்து ஆளுக்கொரு செம்பு கொண்டுவந்து அந்த வீட்டுக் குடத்தை நிரப்பிவிடும். சண்டைக்காரி வீட்டிலிருந்தும் செம்பு வரும். நாளைக்கு அவளுக்கும் ஒரு மகன் இருக்கிறானே.

வெயிலுகந்தம்மாளும் அந்தக் குடத்தை நம்பி வந்தவள்தான். அவள் மருமகள் காளீஸ்வரியும் அப்படி வந்தவள்தான். காளீஸ்வரியின் அப்பா அன்றைக்குச் செம்பை அண்ணாந்து, கடகடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "தேனால்லா இருக்கு" என்றார். அந்த வார்த்தையிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மூத்தவன் சுடலைராஜுக்குத் தாலி கட்டிக் கூட்டிவந்த மறுநாள் காலை, காளீஸ்வரி இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள். அடுத்த நிமிஷம் கொல்லைக்கு ஓடித் துப்பினாள்.

திரும்பி வந்து கேட்டாள்: "அத்தை, எங்கப்பா குடிச்ச தண்ணி எங்க?"

"இதான் தண்ணி. பழகிரும்" என்றாள் வெயிலுகந்தம்மாள். அவள் மாமியார் அவளுக்குச் சொன்ன பதிலும் அதுதான்.

பழகிற்று. ஆனால் மனசு பழகவில்லை. அந்தப் பித்தளைக் குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் என் வாயில் படாது என்று காளீஸ்வரி அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னபடியே இருந்தாள். அப்பா மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் விருந்தாளி அல்லவா, அதே குடத்திலிருந்து வாங்கிக் குடித்து, அதே மீசையைத் துடைத்துவிட்டுப் போவார். உண்மை தெரியாமலேயே செத்தும் போனார். அதற்கப்புறம்தான் காளீஸ்வரியின் பேச்சில் விஷம் கூடியது. சண்டை வந்தால் மாமியாரை விட்டுவிட்டு அப்பாவை வைவாள். "அந்த மனுசனுக்கு நாக்கு செத்துப் போயிருக்கணும். இல்லேன்னா தெரிஞ்சே குடிச்சிருக்கணும், இவள எறக்கி வச்சாப் போதும்னு." இதைக் கேட்கும்போதெல்லாம் வெயிலுகந்தம்மாளுக்குத் தன்னை வைதாலே தேவலை என்று இருக்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் ஒரு வேன் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நிலத்தடித் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஜீனா என்ற பெண்ணும், ஆண்ட்ரூஸ் என்ற டிரைவரும் இறங்கினார்கள். வட்டாரம் முழுக்கக் கிணறுகளைப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் தண்ணீர் பூமிக்குள் ஓடுகிறது, எங்கே உப்பு, எங்கே வேறு கெடுதல் கலந்திருக்கிறது என்று படம் போடப்போகிறார்களாம். ஊருக்கு ஒரு கிணறு என்று, இங்கே வெயிலுகந்தம்மாள் வீட்டுக் கொல்லைக் கிணற்றை எடுத்துக்கொண்டார்கள். சுவரில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதினார்கள். பார்க்க வேண்டிய ஊர் இன்னும் நிறைய இருந்ததால் ஜீனா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தாள்.

"அம்மா, இத நல்லா அலசிட்டு, உங்க தண்ணிய நிறைய ஊத்தி மூடி வைங்க. திரும்பி வரும்போது வாங்கிக்கிடுதோம்."

வேன் போனது. வெயிலுகந்தம்மாள் பாட்டிலை அலசினாள். அப்புறம் அவள் கை தானாகப் பித்தளைக் குடத்துக்குப் போயிற்று. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. படித்த பிள்ளை, வெயிலில் வந்து, உங்கள் தண்ணீரைக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறது. கேட்டவர்களுக்கு எந்தக் குடத்திலிருந்து கொடுப்பது என்பதில் அந்த ஊரில் எவளுக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அடுப்படியில் இருந்த காளீஸ்வரி மட்டும் பார்த்துவிட்டாள். "அவிய கெணத்துத் தண்ணியல்லா கேட்டாவ?"

"சும்மா கெடட்டி. நம்ம உப்ப ஊரு ஊராக் கொண்டுபோய்க் காட்டணுமாக்கும்? ரெண்டாவது ஒருத்தன் வீட்ல நிக்கான்."

ரெண்டாவது ஒருத்தன் என்றது இளையவன் அருண்பாண்டியனை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை, குணமும் சுத்தம். பெண்தான் அமையவில்லை. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை என்று அந்த வேன் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பாட்டில் நிரம்பிற்று. ஒவ்வொரு தடவையும் பித்தளைக் குடத்திலிருந்துதான்.

இரண்டு மூன்று வருஷம் ஓடியது. தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டு உப்புத் தண்ணீர் ஊர்களுக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சோலைராஜ் மனுக்கொடுத்து, நடையாய் நடந்து, செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நேரே வெயிலுகந்தம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"பக்கத்து ஊருக்கெல்லாம் குழாய் உண்டாம்க்கா. நமக்கு இல்லையாம்."

"ஏனாம்?"

"ஒங்க கெணத்தாலதான். காலேஜ்காரவிய போட்ட படத்தக் காட்டுதாவ. சுத்திலும் செவப்பு, நம்ம ஊரு மட்டும் நடுவுல நீலப் பொட்டு. நல்ல தண்ணின்னு அர்த்தமாம். பூமிக்கடியில இந்தப் பக்கமா ஒரு நல்ல ஊத்து ஓடுதோ என்னமோன்னு அவியளுக்கே ஆச்சரியம். ஒங்க கொல்லையில போர் போட்டு, தொட்டி கட்டி, அதையே ஊருக்கு விட்டுருவாகளாம். கடைசியா ஒரு தடவ அந்தப் பொண்ணு வந்து பாத்துச் சரின்னு சொல்லிட்டா முடிஞ்சுதாம்." சோலைராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படி ஊத்து இருந்தா நாம ஏன்க்கா இந்த உப்பக் குடிச்சிக்கிட்டு இருக்கோம்? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

வெயிலுகந்தம்மாளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது தன் வீட்டு அடுப்படியில் நடந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. உள்ளே காளீஸ்வரி கூழ் கிண்டுகிற சத்தம் நின்றது. ஒரு வார்த்தை வரும், ஊரைக் கூட்டுகிற மாதிரி வரும் என்று வெயிலுகந்தம்மாள் காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அகப்பைச் சத்தம் மறுபடி கேட்டது.

சொல்லிவிடலாம். நாளைக்கே சோலைராஜைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாரம்தான் அருண்பாண்டியனுக்கு ஒரு இடம் கூடி வந்திருந்தது. எட்டயபுரத்துப் பக்கம். பெண் பேர் இசக்கிச்செல்வி, போட்டோவைப் பார்த்ததிலிருந்து பையன் தலைக்கு இரண்டு தடவை எண்ணெய் வைக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். ஊர்த் தண்ணீர் உப்பு என்று தானே ஊரறியச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை யாருக்குச் செம்பை நீட்டுவது? இவ்வளவு வருஷம் சுமந்ததற்கு இது ஒன்றாவது நடக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்வோம் என்று நாளைத் தள்ளினாள். கல்யாணம் முடிகிறவரை குழாய் போடுகிற ஆபீஸ் காத்திருக்காது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ராத்திரியெல்லாம் முழங்கால் வலித்தது என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. விடிந்ததிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் வந்தது. குடம் தளும்பிற்று. பத்து மணி வாக்கில் பெண்ணின் தாய்மாமனும், அம்மாவும், இன்னும் இரண்டு பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். சுடலைராஜுக்கு மில்லில் பகல் ஷிப்டு, லீவு கிடைக்கவில்லை. சோலைராஜ்தான் ஆம்பிளைக்கு ஆம்பிளையாகக் கூட இருந்தார். அருண்பாண்டியன் கதவோரம் நின்று காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் துண்டால் விசிறிக்கொண்டே, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். வெயிலுகந்தம்மாள் டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள். பெண்ணின் அம்மா முதலில் நுனி நாக்கில் வைத்தாள். அப்புறம் முழுக்கக் குடித்தாள். அவள் முகம் இளகியதை வெயிலுகந்தம்மாள் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது.

ஜீனா செருப்போடு படியோரம் நின்றபடியே, "விசேசமா? அப்ப நான் உள்ள வரலம்மா. பாட்டில மட்டும் நெறச்சுக் குடுங்க, இங்கன வச்சே அளந்துட்டுக் கெளம்புதோம்" என்றாள். ஆண்ட்ரூஸ் கையில் ஒரு சின்ன மிஷின் இருந்தது. தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டுமாம்.

"என்னம்மா அளக்கப் போறீங்க?" என்று தாய்மாமன் கேட்டார்.

"தண்ணிதான் அண்ணாச்சி. இந்த வட்டாரத்துல நான் பாத்த கெணத்துலேயே இந்த வீட்டுக் கெணறுதான் நல்ல தண்ணி." ஜீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பிள்ளை மார்க் வாங்கியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

தாய்மாமன் பெண்ணின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா தாயீ? நம்ம நாக்குச் சொன்னத மிஷினும் சொல்லப் போவுது. அளங்கம்மா, நாங்களும் பாக்குதோம்."

பாட்டில் வெயிலுகந்தம்மாள் கையில் இருந்தது. இரண்டடி தள்ளிப் பித்தளைக் குடம். ஒரு செம்பு மொண்டு ஊற்றினால் போதும். மிஷின் நல்ல எண் காட்டும், பெண் வீட்டார் வெற்றிலை மாற்றுவார்கள், மகன் கல்யாணம் நடக்கும். ஊருக்குக் குழாய் வராது. போர் போடுவார்கள், உப்பு வரும், ஆபீஸ்காரர்கள் கையை விரித்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு இதே இசக்கிச்செல்வி கொல்லைக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து, எங்க மாமா குடிச்ச தண்ணி எங்க என்று கேட்பாள். அப்போது வெயிலுகந்தம்மாள்தான் பழகிரும் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. நியாயம், தர்மம் என்றெல்லாம் அவள் யோசித்ததாகச் சொன்னால் அது பொய். அவளுக்கு ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

"காளி" என்றாள். "இதுல தண்ணி எறச்சு ஊத்திக் கொண்டா."

காளீஸ்வரி வந்து பாட்டிலை வாங்கினாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "கெணத்துலயா அத்தை?"

"கெணத்துலதான்."

சோலைராஜ் ஒன்றும் புரியாமல் இருமினார். கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது.

ஆண்ட்ரூஸ் மிஷினை முக்கினார். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஜீனா மிஷினைத் தட்டினாள், துடைத்து மறுபடி முக்கினாள். அதே எண். "மிஷின்ல ஏதோ கோளாறு" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"மிஷின் சரியாத்தான் தாயீ சொல்லுது" என்றாள் வெயிலுகந்தம்மாள். "இதுதான் எங்க கெணத்துத் தண்ணி. நீ இத்தன நாளு கொண்டுபோனது செவல்காட்டுத் தண்ணி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு, பூவனலிங்கம் அண்ணாச்சி கெணறு." பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க குடிச்சதும் அதுதான். எங்க ஊருல உப்புதான். மறைச்சுப் பொண்ணு எடுக்கக்கூடாதுன்னு தோணிட்டு."

தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். "உள்ளதச் சொன்னீங்க. ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லி விடுதோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பெண்ணின் அம்மா படி இறங்கும்போது வெயிலுகந்தம்மாள் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனாள். அருண்பாண்டியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை.

ஜீனா போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு நீலப் பொட்டை வைத்து, தண்ணீர் இப்படித்தான் ஓட வேண்டும் என்று கோடு கோடாகப் போட்டு, பெரியவர்கள் முன்னால் பேசிவிட்டு வந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? கெணத்துத் தண்ணியத்தான கேட்டேன்?"

"தண்ணி குடுங்கன்னுல்லா கேட்ட? வந்தவியளுக்கு உப்புத் தண்ணி குடுத்து எங்களுக்குப் பழக்கமில்ல தாயீ."

ஜீனா எழுந்தாள். தான் ஒரு நாளாவது நின்று வாளியைப் பிடித்து இறைத்திருக்க வேண்டும் என்று ஆண்ட்ரூஸிடம் சொன்னாள். பிறகு கிணற்றுத் தண்ணீரைத் தன் கையாலேயே இறைத்து இரண்டு பாட்டில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

படத்தில் நீலப் பொட்டு சிவப்பாக மாறியது. சோலைராஜ் இன்னொரு ஜோடி செருப்பைத் தேய்த்தார். குழாய் வந்தது, வராமல் இல்லை, ஆனால் வருகிறதற்குள் இரண்டு மூன்று கோடை போய்விட்டது. அருண்பாண்டியன் கல்யாணம் அதற்கும் பின்னால்தான். அதுவரை அவன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவள் செய்தது சரி என்றார்கள். மகன்களைப் பெற்றவர்கள் அவள் வீட்டுப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார்கள். அதெல்லாம் பின்னால்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளும் காளீஸ்வரியும்தான் இருந்தார்கள். ஒட்ட வேண்டிய தீப்பெட்டிகள் கிடந்தபடி கிடந்தன. மடங்காத காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, வெயிலுகந்தம்மாள் பித்தளைக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே ஊற்றிக் கொடுத்த தண்ணீர் அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு யார் வீட்டுச் செம்பில் திருப்பி ஊற்றுவது?

காளீஸ்வரி எழுந்து போனாள். தட்டை எடுத்தாள். ஒரு டம்ளர் மொண்டுகொண்டு வந்து மாமியார் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க."

"எனக்கெதுக்குட்டி? அது விருந்தாளுக்கு."

"இவ்வளவு வருசமாச் சொமந்திருக்கீங்க. ஒரு நா குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

வெயிலுகந்தம்மாள் யோசித்துப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். சம்பந்திக்குக் கொடுத்திருக்கிறாள். போஸ்ட்மேனுக்குக்கூட ஒரு தடவை கொடுத்திருக்கிறாள். தான் குடித்ததாக நினைவு இல்லை. டம்ளரை வாங்கிப் பாதி குடித்தாள். தொண்டையில் எங்கும் பிடிக்காமல் இறங்கிற்று. "இதுக்கா இவ்வளவு நடந்தேன்" என்று சொல்ல நினைத்தாள். சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

காளீஸ்வரி கிட்ட வந்தாள். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, மிச்சத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எங்கப்பாவச் சும்மா வைஞ்சுட்டேன்."